ஒருவருக்குப் பலிக்கும் மூளை மின்தூண்டல் இன்னொருவருக்கு ஏன் பலிப்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையில் இரண்டு ஈரப் பஞ்சுகளை வைத்துக் கட்டி, அவற்றின் வழியே மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தும் முறைக்கு டிடிசிஎஸ் என்று பெயர். மனச்சோர்வு, பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சி, மனச்சிதைவில் காதில் கேட்கும் குரல்கள் எனப் பலவற்றுக்கும் இதைச் சோதித்து வருகிறார்கள். சிகிச்சைக்கு வருபவர்களும் அவர்களுடைய வீட்டாரும் உளவியல், பிசியோதெரபி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

இதுவும் கரண்ட் ஷாக் வைக்கிறதுதானே?

இல்லை. ஷாக் ட்ரீட்மென்ட் என்று மக்கள் சொல்லும் இசிடியில் மயக்க மருந்து கொடுத்து, 800 முதல் 900 மில்லிஆம்பியர் வரையிலான துடிப்புகளைச் சில விநாடிகள் செலுத்தி வலிப்பை வரவழைப்பார்கள். டிடிசிஎஸ்ஸில் ஓடுவது 1 அல்லது 2 மில்லிஆம்பியர்தான். நோயாளி விழித்தபடி 20, 30 நிமிடம் உட்கார்ந்திருப்பார். பஞ்சு வைத்த இடத்தில் குறுகுறுப்போ லேசான எரிச்சலோ தெரியும்.

இந்த அளவு மின்னோட்டத்தால் ஓய்வில் இருக்கும் நரம்பணுவைச் சுட வைக்க, அதாவது மின்துடிப்பை எழுப்ப வைக்க, முடியாது. அணுவின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டைக் கொஞ்சம் நகர்த்த மட்டுமே முடியும். ஏற்கெனவே சுடும் நிலைக்கு அருகில் இருக்கும் அணுக்கள் அதனால் கொஞ்சம் முன்பாகவோ பின்பாகவோ சுடும். ஆகவே டிடிசிஎஸ் என்ன செய்கிறது என்பது அந்த நேரத்தில் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் வேர்.

எல்லாருக்கும் அதே 2 மில்லிஆம்பியர்தானே வைக்கிறாங்க? அப்புறம் எப்படி வித்தியாசம் வரும்?

2 மில்லிஆம்பியர் என்பது கருவியிலிருந்து வெளியே வரும் அளவு. மூளையின் வெளியடுக்கான புறணிக்குப் போய்ச் சேரும் அளவு வேறு. நியூயார்க்கிலும் ஹங்கேரியின் செகெடிலும் இருந்த குழுவினர் 2018இல் இறந்தவர்களின் உடல்களில் அளந்தபோது, செலுத்தியதில் முக்கால் பங்கு தோல், தசை, மண்டையோடு ஆகியவற்றிலேயே போய்விட்டது. உயிருள்ள நோயாளிகளின் மூளைக்குள் மின்முனை வைத்து அளந்த ஆய்வுகளும் உண்டு. 2 மில்லிஆம்பியருக்கு அங்கே கிடைத்த மின்புலம் மீட்டருக்கு 1 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை.

கணினி மாதிரிகளில் பயன்படும் கடத்துத்திறன் எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். மீட்டருக்கு சீமென்ஸ் கணக்கில் தலைத்தோல் 0.465, மண்டையோடு 0.01, மூளையைச் சூழ்ந்த தண்டுவடத் திரவம் 1.65, சாம்பல் நிறப்பொருள் 0.275. மண்டையோடு அணை போலத் தடுப்பதால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலிலேயே ஒரு பஞ்சிலிருந்து மறு பஞ்சுக்கு ஓடிவிடுகிறது. உள்ளே நுழைந்த மிச்சத்திலும் ஒரு பகுதி, சாம்பல் பொருளைவிட ஆறு மடங்கு நன்றாகக் கடத்தும் திரவத்தின் வழியே வழுக்கிப் போகிறது. இந்த அடுக்குகளின் தடிமன் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே அளவைச் செலுத்தினாலும் ஒருவரின் புறணியில் இன்னொருவருக்குக் கிடைப்பதைப் போல் இரண்டு மடங்கு மின்புலம் உருவாவது மாதிரிகளில் சாதாரணமாகக் காணப்படுவதுதான்.

மண்டையோடு தடிமனா இருந்தா கரண்ட் உள்ளே போகாது, அவ்வளவுதானே?

அவ்வளவு நேரடியாக இல்லை. மண்டையோட்டின் வெளிப்புறமும் உட்புறமும் கெட்டி எலும்பு, நடுவில் பஞ்சு போன்ற எலும்பு. கெட்டி எலும்பைவிடப் பஞ்செலும்பு நன்றாகக் கடத்தும். மண்டையோடு தடிமனாக இருந்தாலும் அதில் பஞ்செலும்பின் பங்கு அதிகமானால் தடை எதிர்பார்த்த அளவு கூடாது. எலும்பின் தடிமன், திரவத்தின் தடிமன், மூளை மடிப்பின் ஆழம், மின்முனையிலிருந்து உள்ள தூரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் புறணியில் மின்புலம் இடத்துக்கு இடம் மாறுவதில் ஏறத்தாழ பாதியைத்தான் விளக்க முடிகிறது.

பலரும் மறந்துவிடுவது மடிப்பின் திசையை. நரம்பணு நீளவாக்கில் அமைந்தது. மின்புலம் அதன் நீளத்தோடு ஒத்துப் போனால் நன்றாகத் தாக்கும், குறுக்கே போனால் அணுவின் உடல் பெரிதாக நகராது. ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் ஒன்றில் மின்னோட்டம் உள்ளே புகும், எதிர்ச் சுவரில் வெளியேறும். ஒரு சுவரில் தூண்டுவது மறு சுவரில் அடக்கும். கைரேகை போல மடிப்பும் ஒவ்வொருவருக்கும் தனி. ஆகவே ஒரே இடத்தில் பஞ்சு வைத்தாலும் எந்தச் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வேறுபடும்.

ஆனோடு தூண்டும், கேதோடு அடக்கும்னு பாடத்துல படிச்சோம். அது தப்பா?

தப்பில்லை, ஆனால் அது உருவான சூழலுக்கு வெளியே இழுக்கப்பட்டுவிட்டது. 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலுஸும் கையை இயக்கும் புறணிப் பகுதியின் மேல் ஒரு பஞ்சும், எதிர்ப்பக்க நெற்றியில் இன்னொன்றும் வைத்து 1 மில்லிஆம்பியர் செலுத்தினார்கள். பிறகு தலைமேல் கொடுத்த காந்தத் துடிப்பால் கைத்தசையில் எழும் எதிர்வினையை அளந்தார்கள். நேர்முனையான ஆனோடு மேலே இருந்தபோது அது கூடியது, எதிர்முனையான கேதோடு இருந்தபோது குறைந்தது. இளம், ஆரோக்கியமான, ஓய்வில் இருந்த ஆட்களின் சராசரி அது.

அளவை மாற்றினால் விதியும் மாறுகிறது. 2013இல் அதே கோட்டிங்கன் குழு கேதோடு மின்னோட்டத்தை 2 மில்லிஆம்பியராக்கி 20 நிமிடம் செலுத்தியபோது அடக்கத்துக்குப் பதில் தூண்டல் வந்தது. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 1 மில்லிஆம்பியர் கேதோடே தூண்டிவிட்டது, 0.5 ஆகக் குறைத்தபோதுதான் அடங்கியது. லண்டனில் 53 பேரிடம் 2 மில்லிஆம்பியர் வைத்து 2014இல் வெளியான ஆய்வில் பாடப்புத்தகம் சொல்வது போல இரண்டு முனைகளுக்கும் எதிரெதிராக நடந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே.

அப்போ பலன் வராதவருக்கு இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சம் கரண்ட் கூட்டினா போதுமே?

இந்த எண்ணம்தான் அதிகம் சேதம் செய்கிறது. 13 நிமிட ஆனோடு தூண்டல் தசை எதிர்வினையைக் கூட்டுகிறது. அதையே இடைவிடாமல் 26 நிமிடமாக்கினால் விளைவு தலைகீழாகி அடக்கமாக மாறியது. 13 நிமிடம், 20 நிமிட இடைவெளி, மறுபடி 13 நிமிடம் என்று பிரித்துக் கொடுத்தபோது விளைவு மறுநாள் வரை நீண்டது. இடைவெளியை 3 மணி நேரமாக்கினால் அந்த நீட்சி வரவில்லை.

விளைவைத் தீர்மானிப்பதாகக் கருதப்படுவது, நரம்பணுவின் சவ்வில் உள்ள என்எம்டிஏ என்ற வாயில்கள் வழியே உள்ளே நுழையும் கால்சியத்தின் அளவு. குறைவாக நுழைந்தால் இணைப்பு தளரும். அதிகம் நுழைந்தால் வலுப்படும். அளவு மீறினால் அணு தன்னைக் காத்துக்கொள்ள எதிர்நடவடிக்கை எடுக்கும். இரண்டாவது பதிலில் சொன்னபடி தலைக்குள் கிடைக்கும் மின்புலமே ஆளுக்கு ஆள் இருமடங்கு மாறும்போது, ஒருவருக்குச் சரியான 20 நிமிடம் இன்னொருவருக்குக் கோட்டைத் தாண்டியதாக இருக்கலாம். பலன் இல்லை என்றால் குறைத்துப் பார்ப்பதும் நியாயமான வழிதான் என்பதை மருத்துவர்களே பல சமயம் யோசிப்பதில்லை.

ஒரே ஆளுக்கு நேத்து வேலை செஞ்சது, இன்னைக்கு செய்யலையே?

முதல் பதிலுக்குத் திரும்புங்கள். மூளையின் நிலை மாறினால் விளைவும் மாறும். தூண்டலின்போது ஆட்கள் மனக்கணக்கு போன்ற வேலையில் மூழ்கினாலோ, அந்தக் கைத்தசையை இறுக்கிப் பிடித்தாலோ, தசை எதிர்வினையைக் கூட்டும் ஆனோடின் வழக்கமான விளைவு மறைந்து, அது குறைந்தது என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மாறுதிசை மின்னோட்டம் செலுத்தும் டிஏசிஎஸ்ஸிலும் இதே கதை. கண் திறந்திருந்தபோது ஆல்ஃபா என்ற மூளை அலையைக் கூட்டிய தூண்டல், கண் மூடியபோது எதுவும் செய்யவில்லை. மூடிய கண்ணில் ஆல்ஃபா ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் மேலும் கூட்ட இடம் இல்லை. செஷனில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நாளும் பயிற்சி செய்த நாளும் ஒன்றாகாது.

முந்தைய சில மணி நேரத்தின் வரலாறும் கணக்கில் வரும். ஏற்கெனவே கிளர்ந்திருக்கும் வலையமைப்பு மேலும் கிளராமல் தன்னைச் சமன் செய்துகொள்ளப் பார்க்கும். ஆனால் மூளையைக் குறை சொல்வதற்கு முன் பஞ்சைப் பாருங்கள். நேற்று வைத்த இடத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலே மின்னோட்டத்தின் பாதை மாறும்.

தலைக்கு எண்ணெய் வச்சிட்டு வரலாமா? பஞ்சு வைக்கிறதுல அப்படி என்ன இருக்கு?

எண்ணெய் வேண்டாம். முந்தைய நாளே ஷாம்பு போட்டுக் குளித்து, ஜெல், கிரீம் எதுவும் இல்லாமல் வாருங்கள். நெற்றியில் பஞ்சு வருமென்றால் பொட்டு, திருநீறு, மேக்கப்பைத் துடைத்துவிட வேண்டும். காரணம் இது: கருவி மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டது. தடை கூடினால் வோல்ட்டைக் கூட்டிக்கொள்ளும். 10 கிலோ ஓம் தடைக்கு 2 மில்லிஆம்பியர் ஓட 20 வோல்ட் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தலையில் பஞ்சின் சில புள்ளிகள் மட்டுமே தோலைத் தொடும், மொத்த மின்னோட்டமும் அங்கே குவியும். எரிச்சல், சிவப்பு, சில சமயம் சிறு தீப்புண் வருவது இப்படித்தான். குழாய்த் தண்ணீரில் நனைப்பதும் பஞ்சு பாதியில் காய்ந்துபோவதும் இதே தீங்கைச் செய்யும்.

மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டை மேடு வரையும், காதிலிருந்து காது வரையும் டேப்பால் அளந்து இடத்தைக் குறிக்க வேண்டும். தலையில் இடங்களைக் குறிக்கும் பொதுவான குறியீட்டில், கை இயக்கப் பகுதிக்கு சி3, மனச்சோர்வுக்கு இடது முன்பக்கத்தில் எஃப்3. கண்ணளவில் வைப்பது கூடாது. முடியை வகிடெடுத்து விலக்கி, 5க்கு 7 சென்டிமீட்டர் பஞ்சின் ஒவ்வொரு பக்கத்திலும் 6 மில்லிலிட்டர் அளவுக்கு சலைன் விட்டால் போதும். அதிகம் ஊற்றினால் வழிந்து, நனைந்த தோல் முழுவதும் மின்முனையாகிவிடும். இரண்டு பஞ்சுகளின் ஈரமும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் மின்னோட்டம் தோல்மேலேயே சுற்றிவிடும், மூளைக்கு எதுவும் போகாது. பட்டையை இறுக்கிக் கட்டி, தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே, முடிந்தால் 5க்குக் கீழே, வந்த பிறகு 30 விநாடியில் மெல்ல மின்னோட்டத்தை ஏற்ற வேண்டும். பாதி நேரத்தில் பட்டை நழுவியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அடர்ந்த முடியில் பட்டை ஏறிக்கொண்டே போகும்.

நான் தினமும் மாத்திரை சாப்பிடுறேன். அது இதைக் கெடுக்குமா?

மாற்றும், சில மாத்திரைகள் நன்றாகவே மாற்றும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் சோடியம் வாயில்களை அடைப்பதால் ஆனோடு விளைவு மறைந்தது. என்எம்டிஏ வாயிலை அடைக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் இரு முனைகளின் பின்விளைவையும் நிறுத்தியது. இது இருமல் மருந்துகளில் உள்ள பொருள், ஆனால் ஆய்வில் கொடுத்த 150 மில்லிகிராம் வழக்கமான ஒரு வேளை அளவைவிடப் பல மடங்கு. மனச்சோர்வுக்கான சிட்டலோபிராம் ஆனோடு விளைவை வலுப்படுத்தி, கேதோடு அடக்கத்தைத் தூண்டலாகத் திருப்பியது. பார்க்கின்சனுக்கான லெவோடோபா 100 மில்லிகிராமில் ஆனோடு கூட்டல் அடக்கமானது. தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ பென்சோடயசெபைன் சாப்பிடும் மனச்சோர்வு நோயாளிகளுக்குப் பலன் குறைந்தது என்று பிரேசில் ஆய்வில் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கார்பமசெபைனைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், பென்சோடயசெபைனும் அப்படியே. எல்லாவற்றையும், இருமல் மருந்து உட்பட, எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். சிகிச்சை நாட்களில் மருந்தின் அளவும் நேரமும் மாறாமல் இருப்பதே முக்கியம்.

சிகரெட், காபி?

நிகோடின் நேரடியாகக் குறுக்கிடுகிறது. குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளில் புகைப்பவர்களுக்கு இந்தத் தூண்டல் பலிக்கவில்லை, புகைக்காதவர்களுக்குப் பலித்தது என்று 2015இல் பிரான்ஸ், ஜெர்மனி ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நிகோடின் ஒட்டுப்பட்டையும் இதில் சேரும். காபியைப் பொறுத்தவரை ஒரே விதி: தினமும் குடிப்பவர் அன்றும் அதே நேரத்தில் அதே அளவு குடிக்கட்டும்.

ஜீன் டெஸ்ட் எடுத்தா யாருக்குப் பலிக்கும்னு தெரிஞ்சுடுமா?

இப்போதைக்கு இல்லை. நரம்பு வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் புரதத்தின் வால்66மெட் மாறுபாடு அதிகம் ஆராயப்பட்டது. ஒரு ஆய்வில் வேறுபாடு தெரியும், அடுத்ததில் தெரியாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குரல் கேட்கும் நோயாளிகளிடம் டோபமைனைச் சிதைக்கும் காம்ட் மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். இவை அறிவியலுக்குப் பயன்படும் கேள்விகள். இந்த முடிவை வைத்து உங்களுக்கு டிடிசிஎஸ் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. யாராவது அதற்காகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எம்ஆர்ஐ எடுத்து, எனக்கேத்த மாதிரி அளவைக் கணக்குப் போட முடியாதா?

முடியும். சிம்நிப்ஸ், ரோஸ்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உங்கள் எம்ஆர்ஐ படத்தைத் தோல், எலும்பு, திரவம், சாம்பல், வெள்ளை எனப் பிரித்து, எந்த இடத்தில் எவ்வளவு மின்புலம் வரும் என்று கணக்கிடும். அதை வைத்து ஒருவருக்கு 1.4, இன்னொருவருக்கு 2.3 மில்லிஆம்பியர் என்று மாற்றினால் குறிப்பிட்ட இடத்தில் மின்புலத்தைச் சமமாக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். எலும்பின் கடத்துத்திறன் எண்ணை எல்லாருக்கும் ஒன்றாக வைத்துத்தான் மென்பொருள் கணக்கிடுகிறது, உண்மையில் அது ஆளுக்கு ஆள் மாறும். அடுத்து, மின்புலத்தைச் சமமாக்கினால் இரண்டாவது கேள்வியில் சொன்ன வேறுபாடு தீரும், மூளை நிலையும் மருந்தும் கால்சியமும் அப்படியேதான் இருக்கும். நடுவில் ஒன்றும் சுற்றி நான்குமாகச் சிறு மின்முனைகள் வைக்கும் முறையைச் சிலர் தீர்வாகச் சொல்வார்கள். அது இலக்கைக் குறுக்கும். ஆனால் குறுகிய இலக்கு மடிப்பின் அமைப்புக்கு ஏற்ப அதிகம் ஆடும், அதனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு கூடவே செய்யும்.

பக்கவாதம் வந்தவங்களுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. செத்த திசு இருந்த இடத்தில் திரவம் நிறைந்துவிடும். அது நன்றாகக் கடத்துவதால் மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் குவிக்கும். அறுவை சிகிச்சையில் எலும்பை எடுத்த இடம் இருந்தால் அணை உடைந்தது போலத்தான், அந்த வழியே மிக அதிகம் நுழையும். இவர்களுக்கு ஸ்கேன் பார்க்காமல் வழக்கமான இடத்தில் பஞ்சு வைப்பதை ஏற்க முடியாது. வயதானவர்களில் மூளை சுருங்கித் திரவ அடுக்கு தடிப்பதும் இதே திசையில் ஒரு சிறிய மாற்றம்.

"45 சதவீதம் பேருக்குப் பலித்தது"ன்னு ஒரு ஆய்வு சொல்லுது. நான் அதுல ஒருத்தனான்னு எப்படித் தெரியும்?

ஸ்பெயினில் 56 பேரிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வின் எண் அது. அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். காந்தத் துடிப்புக்குத் தசை தரும் எதிர்வினை, எந்தத் தூண்டலும் இல்லாமலே, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் மிகவும் மாறும். தூண்டலுக்கு முன் ஒரு சராசரி, பின் ஒரு சராசரி எடுத்து, கூடியவர்களைப் ‘பலித்தவர்’ என்று பெயரிட்டால், கருவியை ஆன் செய்யாமலே பாதிப் பேர் பலித்தவர்களாக வருவார்கள். முதலில் தாழ்வாக அளந்தவர் அடுத்த முறை உயர்வதும், உயர்வாக அளந்தவர் தாழ்வதும் எந்த அளவீட்டிலும் நடக்கும். அதனால் ‘ஆரம்பத்தில் மோசமாக இருந்தவர்களுக்கு அதிகப் பலன்’ என்ற முடிவையும் எச்சரிக்கையோடு படியுங்கள்.

ஒருவர் உண்மையிலேயே வேறு விதமாக எதிர்வினை புரிபவரா என்று சொல்ல, அதே ஆளுக்கு உண்மைத் தூண்டலையும், 30 விநாடியில் ஏற்றி இறக்கிவிடும் போலித் தூண்டலையும் பலமுறை மாற்றி மாற்றிக் கொடுத்து, அவருக்குள் வரும் வேறுபாட்டை அளக்க வேண்டும். ஒரே ஒரு முறை அளந்து ஒட்டிய ‘பலிக்காதவர்’ என்ற முத்திரையை யாரும் சுமக்கத் தேவையில்லை.

சரி, மனச்சோர்வுக்கு இது வேலை செய்யுமா, செய்யாதா?

ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. 2017இல் வெளியான பிரேசில் ஆய்வில் 245 பேர் பங்கேற்றார்கள். மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை 11.3 புள்ளியும் டிடிசிஎஸ் 9.0 புள்ளியும் போலிச் சிகிச்சை 5.8 புள்ளியும் குறைத்தன. போலியைவிட மேல், ஆனால் மாத்திரைக்குச் சமம் என்று நிறுவ முடியவில்லை. 2023இல் வெளியான ஜெர்மனி ஆய்வில் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 160 பேருக்கு 24 செஷன் கொடுத்தார்கள். உண்மைக் குழுவும் போலிக் குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு, வேறோர் அளவுகோலில் 8 புள்ளி அருகில், முன்னேறின. 2024இல் 174 பேர் வீட்டிலேயே 10 வாரம் செய்துகொண்ட ஆய்வில் உண்மைக் குழு 9.4, போலிக் குழு 7.1 புள்ளி குறைந்தது.

போலிக் குழுவும் எவ்வளவு முன்னேறுகிறது பாருங்கள். தினமும் ஒரு இடத்துக்குப் போவது, யாரோ கவனிப்பது, காலம் கடப்பது, மாத்திரை வேலை செய்யத் தொடங்குவது எல்லாம் அதில் அடக்கம். அந்த முன்னேற்றம் நோயாளிக்கு உண்மையானதுதான், ஆனால் அது மின்னோட்டத்தின் கணக்கில் வராது.

எத்தனை செஷன் கழிச்சு முடிவு பண்றது? நான் என்ன குறிச்சு வைக்கணும்?

மேலே சொன்ன ஆய்வுகளில் 22 முதல் 36 செஷன் வரை கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள். இரண்டு மூன்று செஷனில் முடிவு கட்டாதீர்கள், பலன் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி.

ஒரு நோட்டில் ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு வரி போதும். தேதி, தொடங்கிய நேரம், எத்தனை மில்லிஆம்பியர், எத்தனை நிமிடம், பஞ்சு வைத்த இடங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் கருவி காட்டிய தடை, முதல் நாள் இரவு தூங்கிய மணி, அன்று சாப்பிட்ட மாத்திரைகள், காபி, சிகரெட், செஷனின்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தோலில் எரிச்சல் உண்டா. மனநிலையைத் தினமும் அளக்காமல் வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம், பிஎச்கியூ-9 போன்ற ஒரே கேள்வித்தாளால் அளந்து எழுதுங்கள். சிகிச்சை தொடங்கும் முன் இரண்டு வாரமாவது அதே தாளை நிரப்பியிருந்தால், உங்கள் எண் தானாகவே எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். அந்த ஆட்டத்தைத் தாண்டிய மாற்றம் நான்கு வாரத்திலும் இல்லையென்றால், நோட்டோடு போய் இடம், அளவு, மருந்து என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மருத்துவரிடம் கேளுங்கள். தற்கொலை எண்ணம் வந்தாலோ, இயல்புக்கு மீறிய உற்சாகமும் தூக்கமின்மையும் சேர்ந்து வந்தாலோ நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள்.